மறை எண்

அந்த எண்ணை நான்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று முதலில் சொன்னது மாமா. என் அக்காவின் கணவர். ஹிக்ஸ் போசான் என்கிற துகள் மியூவான் என்கிற இரண்டு சின்னத் துகள்களாக உடைவதை அளக்கும் குழுவில் இரண்டாவது ஆள். முதல் ஆளை எல்லோரும் கண்டக்டர் என்போம். கூட்டத்துக்கு வருகிறவர்கள் வாசலருகே தேங்கி நின்றால், "உள்ள போங்க, நடுவுல அவ்ளோ இடம் கிடக்கு" என்று கத்துவார். அந்தப் பெயர் அவருக்கும் தெரியும். கோபித்துக்கொண்டதில்லை.

மறை எண் என்பது இதுதான். அளக்கிறவனுக்கு ஒரு ஆசை இருக்கும், இந்த விடை வந்தால் நன்றாக இருக்கும் என்று. ஆசை இருந்தால் கை தானாக அந்தப் பக்கம் போகும். விடை பிடிக்கவில்லையென்றால் எங்கோ தவறு இருக்கிறது என்று தேடுவான். பிடித்துவிட்டால் தேடுவதை நிறுத்திவிடுவான். பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அதனால் குழுவுக்கு வெளியே ஒருவன் ஓர் எண்ணை எடுத்துக் கணினி நிரலுக்குள் பூட்டிவைப்பான். குழு பார்க்கும் விடையில் எப்போதும் அந்த எண் கூடியிருக்கும். இரண்டு வருடம் அவர்கள் அந்தப் பொய் விடையை வைத்துக்கொண்டே எல்லாப் பிழைகளையும் திருத்துவார்கள். இனிமேல் மாற்ற ஒன்றுமில்லை என்று எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு எண்ணைக் கழிப்பார்கள். வருவது வந்ததுதான். அதற்கு அப்புறம் ஒரு புள்ளியைக்கூட நகர்த்தக் கூடாது. இதைப் பெட்டியைத் திறப்பது என்பார்கள்.

நான் அதே கட்டடத்தின் அடித்தளத்தில், கணினிகள் வரிசையாக நிற்கும் கூடத்தில் இரவு ஷிஃப்டில் இருந்தேன். ஒரு காலத்தில் மேலே மூன்றாவது மாடியில் ஆராய்ச்சி மாணவன். பாதியில் விட்டுவிட்டேன். அதற்குப் பின்னால் பெரிய கதை ஒன்றும் இல்லை. வேலை பிடிக்கவில்லை, கட்டடம் பிடித்திருந்தது.

"இந்த முடிவு எப்படி வந்தாலும் அக்கறையே இல்லாத ஆள் ஒருத்தன் வேணும்" என்று கண்டக்டர் கூட்டத்தில் கேட்டாராம்.

"எதுலயுமே அக்கறை இல்லாத ஒருத்தன் இருக்கான். என் மச்சான்" என்றாராம் மாமா.

எல்லோரும் சிரித்தார்களாம். எண்ணை எடுக்கும் வேலை எனக்கு வந்தது. பூஜ்யத்துக்கும் இரண்டுக்கும் நடுவே எதுவாக இருந்தாலும் சரி என்றார்கள். எடுத்தேன், பூட்டினேன், மறக்காமல் வைத்துக்கொண்டேன்.

என் அக்காவைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. இத்தனைக்கும் அந்த அளவீட்டில் அவளைவிட அதிகமாக ஆசை வைத்திருந்த ஆள் கிடையாது. ஆனால் அவள் கோட்பாட்டுக்காரி. சாலைக்கு எதிர்ப்பக்கக் கட்டடம். கோட்பாட்டுக்காரர்கள் தரவைத் தொடுவதில்லை, அதனால் அவர்களால் ஆபத்தில்லை என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் பால்பாடம். பூட்டுக்கு இத்தனை யோசித்தவர்கள், சாவி வைத்திருக்கிறவன் யாருக்குத் தம்பி என்று யோசிக்கவில்லை.

நாங்கள் மூவரும் ஒரே வீட்டில் இருந்தோம். கீழே சலவைக்கடை, மேலே நாங்கள். கடையில் இஸ்திரிப் பெட்டிகள் ஓடும்போது எங்கள் கூடத்தின் ஒரு மூலையில் தரை வெதுவெதுப்பாக இருக்கும். குளிர் மாதங்களில் சாப்பாட்டு மேசையை அந்த மூலைக்கு இழுத்துப் போட்டிருந்தோம். மேசைக்கு அடியில் மூன்று ஜோடிக் கால்களும் அந்தச் சூட்டுக்காகச் சண்டை போடும். இப்போது அந்தத் தெருவில் அந்தக் கட்டடம் இல்லை. ஈரத்துணியின் நீராவி வாசனை எங்கேயாவது வந்தால் எனக்குப் பசிக்கிறது.

குளிர்சாதனப் பெட்டியின் கதவுதான் அக்காவின் கரும்பலகை. அதில்தான் எனக்கு ஒருமுறை விளக்கினாள், நான் படிப்பை விட்ட புதிதில். நான் மறந்திருப்பேன் என்று நினைத்தாளோ என்னவோ, அடியிலிருந்து ஆரம்பித்தாள்.

"எலக்ட்ரான், மியூவான், டாவ். மூணும் ஒரே அச்சு. ஒரே மின்னூட்டம், ஒரே சுழற்சி. எடை மட்டும்தான் வேற. எதுக்குடா ஒரே ஆளை மூணு தடவை செஞ்சு வெச்சிருக்கு?"

"முதல் ரெண்டு சரியா வரலை போல."

"நம்ம வீட்ல ரெண்டாவதுதான் சரியா வரலை" என்றாள், என்னைப் பார்த்து.

மூன்றையும் ஒன்றோடொன்று இடம் மாற்றினாலும் இயற்கைக்கு வித்தியாசம் தெரியாத ஒரு நிலை ஆரம்பத்தில் இருந்தது என்பது அவள் கருத்து. குடும்பச் சமச்சீர்மை என்று அதற்குப் பெயர். அந்தச் சமச்சீர்மை எப்போதோ உடைந்துவிட்டது. ஆனால் உடைந்த இடத்தில் தழும்பு இருக்கும், தழும்பு ஹிக்ஸில் தெரியும் என்றாள். இப்போது எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கும் கோட்பாட்டில், ஹிக்ஸுக்குத் துகளின் எடை மட்டுமே கணக்கு. கனமானதாக உடைவது அதிகம், லேசானதாக உடைவது குறைவு. பத்தாயிரம் ஹிக்ஸில் இரண்டோ மூன்றோதான் மியூவான் ஜோடியாக உடையும். அக்காவின் சமச்சீர்மை உண்மையென்றால் அது ஒன்றே முக்கால் மடங்கு ஆக வேண்டும். வழக்கமான கோட்பாடு சரியென்றால் அளவு ஒன்று. அக்கா சரியென்றால் ஒன்றே முக்கால். அவ்வளவுதான் விஷயம். அதை அளப்பதுதான் பாடு. மியூவான் ஜோடிகள் வேறு ஆயிரம் வழிகளில் வந்து கொட்டும். சந்தைக்கடை இரைச்சலில் யாரோ ஒருவர் விரலால் மேசையைத் தட்டுவதைக் கேட்கிற மாதிரி.

அந்த ஒரு கருத்தில் அவளுக்குப் பன்னிரண்டு வருடம் போயிருந்தது.

பெட்டி திறக்க ஒரு வாரம் இருந்தபோது, சாப்பாட்டு மேசையில் அக்கா சொன்னாள்: "நான் எழுதிப் போட்டிருந்தேனே, அந்தக் காலேஜ்ல இருந்து வேலை போட்டுக் குடுத்துட்டாங்க. நிரந்தரம். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்."

வேறு ஊர். பாடம் நடத்தும் வேலை, ஆராய்ச்சிக்கு இடமில்லை. இங்கே அவளுடைய ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு முடிகிறது. முடிவு அவள் பக்கம் வந்தால் இந்த நிறுவனம் அவளை விடாது. வராவிட்டால் ஏற்கனவே விட்டாயிற்று. பெட்டி திறப்பது அடுத்த செவ்வாய்.

"எடுத்துக்கோ" என்றார் மாமா.

"உங்களுக்கு என் மேல நம்பிக்கை இல்ல."

"எனக்கு யார் மேலயும் இல்ல. நம்பறது என் வேலை இல்லம்மா, அளக்கறதுதான்."

"இப்ப எவ்ளோ காட்டுது?"

"ரெண்டு புள்ளி ஒண்ணு. அதை வெச்சு நாக்குகூட வழிக்க முடியாது. இந்தா, கழிக்க வேண்டியதை இவன் வயித்துக்குள்ள வெச்சிருக்கான்." மாமா என் தட்டைக் கரண்டியால் தட்டினார்.

மறைத்த விடையை யாரும் ரகசியமாக வைப்பதில்லை. எண் தெரியாமல் அதற்கு அர்த்தமே கிடையாது. நான் மட்டும் அதைக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் நான் அப்போது குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன், பாத்திரத்தில் கரண்டி உரசும் சத்தத்தில் சரியாகக் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தாலும் கணக்குப் போட்டிருக்க மாட்டேன். அக்கறை இல்லாத ஆள் என்று சும்மாவா சொன்னார்கள்.

மறுநாள் மதியம் அக்கா என் அறைக்கு வந்து போர்வையை இழுத்தாள்.

"டேய், எந்திரி."

"இப்பத்தான்க்கா படுத்தேன்."

"முப்பத்தேழு."

"என்ன முப்பத்தேழு?"

"உன் நம்பர். பூஜ்யம் புள்ளி மூணு ஏழு."

சின்ன வயதில் எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. நான் நூற்றுக்குள் ஓர் எண்ணை நினைப்பேன், அவள் கண்டுபிடிப்பாள். நான் ஏமாற்றப் பார்ப்பேன், முகத்தை மூடுவேன், பாதியில் எண்ணை மாற்றுவேன். அவள் எப்படியும் பிடித்துவிடுவாள்.

அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "இரட்டைப்படை உனக்குப் பிடிக்காது. அஞ்சுல முடிஞ்சா சோம்பேறி நம்பர்ம்ப. சின்னதா இருந்தா ஈஸியா மாட்டிக்கும்னு பயம். யாருக்கும் தோணாத நம்பரா யோசிக்கிறேன்னு நினைச்சுட்டு, சுத்திச் சுத்தி முப்பத்தேழுலதான் வந்து நிப்ப. ஒன்பது வயசுலேர்ந்து அதான். ரெண்டு புள்ளி ஒண்ணுல அதைக் கழிச்சுப் பாரு."

நான் கழித்தேன். ஆனால் முப்பத்தேழை அல்ல. மனசு யாரையும் கேட்காமல் கழித்தல் கணக்கைப் போட்டுவிடும். நான் பூட்டிவைத்த எண் ஒன்று புள்ளி ஒன்று நான்கு. மிச்சம் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. பழைய கோட்பாடு சொல்வது அப்படியே.

அந்த நிமிடம் உலகத்தில் அந்த விடை தெரிந்த ஒரே ஆள் நான். பல்கூட விளக்கவில்லை.

போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டேன்.

"உள்ள என்னடா பண்ற?"

"தூங்கறேன்."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். சொன்னா உன் வேலை போகும், உங்க மாமா மானம் போகும். நான் கேக்கவே இல்ல. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். அந்தக் காலேஜுக்கு வேண்டாம்னு எழுதப் போறேன்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்குல்ல" என்றேன் போர்வைக்குள்ளிருந்து.

கட்டில் அசையவில்லை. அவள் யோசிக்கிறாள் என்று தெரிந்தது. நான் என்ன சொன்னாலும் அது ஒரு தகவல். பொறு என்றாலும், எழுது என்றாலும், பேசாமல் இருந்தாலும். குறட்டை விட்டேன். அவள் என் காலில் ஓர் அடி போட்டுவிட்டுப் போனாள்.

மாலை கண்டக்டரின் அறைக்குப் போனேன். என் அக்கா என் எண்ணை ஊகித்திருக்கிறாள், அதை நம்பி ஒரு வேலையை வேண்டாம் என்று எழுதப் போகிறாள் என்று மட்டும் சொன்னேன்.

அவர் நாற்காலியோடு பின்னால் போனார். "நில்லு, நில்லு. அவங்க ஊகம் சரியா தப்பான்னு சொல்லிடாத. அந்தப் பக்கம் திரும்பு."

"சார்?"

"திரும்புப்பா. உன் மூஞ்சியைப் பாத்தா எனக்குத் தெரிஞ்சு தொலைஞ்சிடும்."

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். தீப்பிடித்தால் எந்த வழியாக ஓட வேண்டும் என்று படம் போட்டு மாட்டியிருந்தது. மிச்சப் பேச்சு முழுவதும் அந்தப் படத்தோடுதான்.

"உங்க மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிய வேண்டாம். குழுவுல யாருக்கும் தெரியலைன்னா பெட்டி பத்திரமாத்தான் இருக்கு. பெட்டியை முன்னாடியே திறக்கறதும் ஆகாது, இன்னும் ஒரு சோதனை ஓடிட்டிருக்கு." விரல் மேசையில் தட்டும் சத்தம். "இப்ப ஒண்ணு யோசிச்சுப் பாரு. ஊகம் சரியா இருந்தாலும் தப்பா இருந்தாலும், திறக்கறதுக்கு நாலு நாள் முன்னாடி முடிவு பண்ணச் சொல்றது அநியாயம். சரிதானே?"

"சரிதான் சார்."

"நீ பேசாத. அந்தக் காலேஜ் முதல்வர் என்கூடப் படிச்சவன். அவன் லேப் ரெக்கார்டு பூரா நான் எழுதிக் குடுத்தது. ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்றேன். எனக்கு விடை தெரியாது, அதனால நான் கேட்டா அதுல அர்த்தம் ஒண்ணும் இல்ல. புரியுதா?"

புரிந்தது. புத்திசாலி மனுஷன்.

"இன்னொண்ணு. செவ்வாய்க்கிழமை வரைக்கும் உங்க வீட்டுப் பக்கம் போகாத. அந்தப் பொண்ணு கண்ணுல படாத."

ஷிஃப்டில் என்னோடு இருந்த எலெக்ட்ரீஷியனின் அறையில் தங்கினேன். அவன் எதற்கு என்று கேட்கவில்லை. மாமாவிடம் காய்ச்சல், ஒட்டிக்கொள்ளும், அதனால் அங்கேயே இருக்கிறேன் என்று சொன்னேன். சனிக்கிழமை அக்கா போன் செய்தாள்.

"கண்டக்டர்கிட்டப் போனியா?"

"ம்."

"காலேஜ்ல இருந்து கூப்பிட்டாங்க. இன்னும் ஒரு வாரம் எடுத்துக்கோங்கன்னாங்க. நான் வியாழக்கிழமையே வேண்டாம்னு எழுதி அனுப்பிட்டேன்டா. வேணும்னா வாபஸ் வாங்கிக்கலாமாம்."

"வாங்கிக்க வேண்டியதுதானே?" இதைச் சொல்லும்போது குரலை எவ்வளவு தட்டையாக வைக்க முடியுமோ அவ்வளவு தட்டையாக வைத்தேன். ஷிஃப்ட் பயிற்சி. இயந்திரம் நின்றுவிட்டது என்று மேலதிகாரியை எழுப்பிச் சொல்லும் குரல்.

"பன்னெண்டு வருஷமா இதுதான் இதுதான்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, கடைசி வாரம் அங்க ஒரு கால் இங்க ஒரு கால்னு நின்னா, நாளைக்கு ஜெயிச்சாலும் எனக்கே சிரிப்பா இருக்கும். வேண்டாம்டா." பிறகு, "சாப்பிட்டியா? அந்த எலெக்ட்ரீஷியன் சமைப்பானா?" என்றாள்.

அவள் குரல் சந்தோஷமாக இருந்தது. அந்தக் குரலை நான் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. எங்கள் பழைய வீட்டில், பரீட்சைத் தாளை ஒளித்துவைத்துக்கொண்டு மார்க்கை என்னை ஊகிக்கச் சொல்லும்போது வரும் குரல்.

ஒரு வார்த்தை போதும். வேலையைத் திரும்ப வாங்கிக்கொள் என்று உண்மையான குரலில் சொன்னால் புரிந்துகொள்வாள். விதி என்பதற்காக நான் சொல்லாமல் இருக்கவில்லை. விதிகளோடு எனக்கு அவ்வளவு உறவு கிடையாது. அவள் கருத்து தோற்க வேண்டுமென்றால் அளவீட்டில் தோற்கட்டும், திரையில் தோற்கட்டும், நூறு பேர் பார்க்கத் தோற்கட்டும். எலெக்ட்ரீஷியனின் சட்டையைப் போட்டுக்கொண்டு போனில் இழுக்கும் ஒரு தம்பியின் குரலில் அல்ல. பன்னிரண்டு வருடத்துக்கு அந்த மரியாதையாவது இருக்க வேண்டும்.

"அவன் முட்டை மட்டும்தான் சமைப்பான்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை கூட்ட அறை நிரம்பி வழிந்தது. "உள்ள போங்க, நடுவுல இடம் இருக்கு" என்று வாசலில் நின்று கண்டக்டர் தள்ளிக்கொண்டிருந்தார். எதிர்க் கட்டடத்திலிருந்தும் வந்திருந்தார்கள். அக்கா கடைசி வரிசையில் சுவரோரம். திரையில் ஒரு புள்ளி, அதன் இரு பக்கமும் பிழையின் அளவைக் காட்டும் கோடு. ஒன்று என்ற இடத்தில் செங்குத்தாக ஒரு கோடு. ஒன்றே முக்காலில் விட்டுவிட்டு வரைந்த இன்னொன்று. அதற்கு மேல் மாமா தன் மனைவியின் பெயரைப் போட்டிருந்தார். அவருக்குத் தெரிந்த அன்பு அவ்வளவுதான், அது குறைவில்லை.

நான் முன்னால் போய் எண்ணைத் தட்டினேன். நிரல் ஒரு கணம் யோசித்தது.

புள்ளி இடது பக்கம் தாவியது. ஒன்றே முக்காலைத் தாண்டி, ஒன்றையும் தொட்டுத் தாண்டி, பூஜ்யம் புள்ளி ஒன்பது ஆறில் உட்கார்ந்தது. பிழைக்கோட்டை மூன்று மடங்கு இழுத்தால்தான் அக்காவின் கோட்டைத் தொடும்.

மாமா விசைப்பலகையில் தூசி இருப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் பேசியது அக்கா. "டாவ் அளவோட சேத்துப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சும்மா. அதுவும் ஒண்ணுலதான் நிக்குது" என்றார் கண்டக்டர்.

"அப்ப சரி. போயிடுச்சு." பிறகு, "நல்ல அளவீடு" என்று சொல்லிக் கை தட்டினாள். அதன் பிறகுதான் மற்றவர்கள் தட்டினார்கள்.

நடைவழியில் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் என்னைப் பிடித்தாள். கண் சிவந்திருந்தது, குரல் சரியாக இருந்தது.

"ஒண்ணு புள்ளி ஒண்ணு நாலு. இது எங்கேர்ந்துடா வந்தது?"

"கீழ ஹால்ல குளிர்க்காத்து விடற மெஷின்ல வெப்பநிலை காட்டும்ல. அன்னிக்கு இருபத்தொண்ணு புள்ளி ஒண்ணு நாலுன்னு இருந்தது. முன்னாடி இருந்த ரெண்டை விட்டுட்டேன்."

"அப்ப நீ ஒண்ணுமே நினைக்கலையா?"

"நினைச்சா முப்பத்தேழுதான் வரும்னு எனக்கும் தெரியும்க்கா."

என்னை முறைத்துப் பார்த்தாள். காகிதக் கோப்பையை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். தன் கோட்பாட்டுக்கு எல்லோர் முன்னாலும் அழாதவள் இதற்கு அழப் போகிறாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். காப்பி மூக்கில் ஏறி இருமி, என் சட்டையெல்லாம் தெறித்தது.

"தெரிஞ்சுதான் குறட்டை விட்டியா?"

"ஆமா."

"கேவலமான குறட்டைடா அது" என்றாள். கோப்பையைக் கசக்கிக் குப்பையில் போட்டாள். கூட்ட அறையிலிருந்து ஆட்கள் வெளியே வர ஆரம்பித்திருந்தார்கள். எதிர்க் கட்டடத்து ஆள் ஒருவர் அவளைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் நடந்தார். அக்கா அவர் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"காலேஜைக் கூப்பிடறியா? இன்னும் நாள் இருக்கு" என்றேன். இப்போது எந்தக் குரலிலும் சொல்லலாம்.

"வேண்டாம்னு எழுதினது எழுதினதுதான். முடிவைப் பாத்துட்டுத் திரும்பப் போய் நிக்க மாட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "உங்க ஹால்ல ஆள் எடுக்கறாங்களா?"

எடுத்தார்கள். அந்தப் பருவம் முடிந்து அடுத்த மாதம் அவள் என் ஷிஃப்டில் சேர்ந்தாள். கண்டக்டர்தான் கையெழுத்துப் போட்டார், தலையில் அடித்துக்கொண்டே. அடுத்த வேலை கிடைத்து அவளும் மாமாவும் கிளம்பும் வரை ஒன்றரை வருடம் இருந்தாள். அக்காவைக் கேட்டால் அது ஒரு கெட்ட காலம் என்பாள். படித்த படிப்புக்குக் கெட்டுப்போன கணினி வட்டுகளை மாற்றிக்கொண்டிருந்த காலம். மாமா அதைப் பற்றிப் பேசவே மாட்டார். நான் மறுத்துச் சொல்வதில்லை.

ஆனால் இன்றைக்கும் தனியாக அந்த வரிசைகளுக்கு நடுவே நடக்கும்போது என் நினைப்பு அந்த ஒன்றரை வருடத்துக்குத்தான் போகிறது. ஆயிரம் மின்விசிறிகள் ஒரே மூச்சில் ஓடும் கூடம். காதை அடைக்கும் கவசம் போட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அக்கா இரும்பு அலமாரியின் கதவில் மார்க்கரால் எழுதிக்கொண்டே, அடுத்த சமச்சீர்மை எங்கே ஒளிந்திருக்கலாம் என்று என்னிடம் கத்துவாள். கவசத்துக்கும் விசிறிக்கும் நடுவே பாதிகூடக் காதில் விழாது. விழுந்த பாதி புரியாது. தலையாட்டுவேன். சும்மா ஆட்டுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். நிறுத்த மாட்டாள்.